போருக்குப் பிந்தைய பிறப்புப் பெருக்கம்: போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவும்

பெரும்போர் ஓய்ந்த சில ஆண்டுகளில் பிறப்புவீதம் உயர்ந்து, மக்கள்தொகையில் ஒரு தலைமுறை மட்டும் பெருத்துக் காணப்படுவது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் இது தெளிவாகப் பதிவாகியுள்ளது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும், அதற்கு மேற்கே இன்றைய கேரளத்தின் உடும்பன்சோலை, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் பரவியுள்ள ஏலமலையிலும் 1945-க்குப் பின் மக்கள் பெருகினர் என்பதில் ஐயமில்லை. அதில் பிறப்பின் பங்கு எவ்வளவு, இறப்புக் குறைந்ததன் பங்கு எவ்வளவு, குடியேற்றத்தின் பங்கு எவ்வளவு என்பதில்தான் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர்.

பொது விளக்கம். தள்ளிப்போன திருமணங்கள் ஒரே காலத்தில் நடப்பதும், பிரிந்திருந்த கணவன்மார் வீடு திரும்புவதும், வேலையும் கூலியும் நிலைப்படுவதும் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். அமெரிக்காவில் 1946-ல் ஏறத்தாழ 34 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1957-ல் அது 43 லட்சமாயிற்று. படைவீரர் திரும்பியது ஓரிரு ஆண்டின் உயர்வை விளக்குமே தவிர, பத்தாண்டுக்கு மேல் நீடித்ததை விளக்காது. பெற்றோர் வீட்டில் கண்ட வாழ்க்கையைவிடத் தம் வருமானம் மேலானது என்று இளந்தம்பதியர் உணர்ந்ததே காரணம் என்பது பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் கருத்து. பிரான்சில் போர் முடியும் முன்பே பிறப்புகள் கூடத் தொடங்கியதும், போரிடாத சுவீடனிலும் கூடியதும் எந்த விளக்கத்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. ஜப்பானில் 1947 முதல் 1949 வரை உச்சம். அதன்பின் சடுதியில் சரிவு.

முதல் உலகப்போருக்குப் பின். 1918-ன் இன்ஃபுளுவென்சா போரின் விளைவையெல்லாம் மூடிவிட்டது; இன்றைய தமிழ்நாட்டுப் பரப்பின் மக்கள்தொகை 1911–21-ல் 3.5 விழுக்காடும் அடுத்த பத்தாண்டில் 8.5 விழுக்காடும் வளர்ந்தது என்பதற்கு மேல் சொல்வதற்கில்லை.

1942 முதல் 1956 வரை. இக்காலத்துக்குத்தான் ஆவணங்கள் மிகுதி. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. அதே ஆண்டில் ஜாவாவும் வீழ்ந்ததால் மலேரியா மருந்தான கொய்னாவுக்குத் தட்டுப்பாடு. மதுரை–போடி இரயில்பாதையின் தண்டவாளங்கள் போர்த்தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களின் முற்பாதியில்தான் மறுபடி பாதை போடப்பட்டது. ஏலக்காயும் காப்பியும் மலையிலிருந்து இறங்கிவரும் ஊர் ஒன்று பத்தாண்டுக்கு மேல் இரயில் இல்லாமல் இருந்ததை மக்கள்தொகை நூல்கள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் யார் எப்போது மலையேறினார்கள், எவ்வளவு காலம் தங்கினார்கள் என்பதில் போக்குவரத்துக்குப் பங்குண்டு.

அன்று ஏலமலையை ஆண்ட திருவிதாங்கூர் அரசு உணவுப் பஞ்சத்தைச் சமாளிக்கக் காட்டுநிலத்தில் உணவுப்பயிர் செய்யக் குத்தகை அளித்தது. மேற்குத் தாழ்வாரத்திலிருந்து மலையாளக் குடியானவர்கள் மரச்சீனியும் நெல்லும் பயிரிட மலையேறினர். கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியே தமிழ்த் தொழிலாளர்கள் ஏலத்தோட்டங்களுக்குப் போவது அதற்கு முன்பே நிலைபெற்ற வழக்கம். ஏலச்செடியில் சரம் செடியின் அடியிலிருந்து தரையை ஒட்டிக் கிளம்பும்; காய் ஒன்றாகப் பழுக்காது. அதனால் ஒரே செடியைச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்து, பழுத்ததை மட்டும் குந்தியிருந்து கிள்ளியெடுக்க வேண்டும். ஆடியின் பிற்பாதியில் தொடங்கும் காயெடுப்பு தை வரை நீளும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை இது. தனியாக வந்து கூலி வாங்கிக்கொண்டு திரும்பும் ஆண்களைவிட, குடும்பத்தோடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தங்குவோர் தோட்டக்காரருக்குத் தேவைப்பட்டனர். கைக்குழந்தையை நிழல்மரக் கிளையில் கட்டிய தூளியில் போட்டுவிட்டுக் காயெடுத்தனர். பெண் தொழிலாளர் மிகுந்த தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்ன 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலில் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனாத் தோட்டங்களையே பெயர்சொல்லிச் சேர்த்தது. ஏலத்தின் பெயர் 1981 திருத்தத்தில்தான் ஏறியது.

இம்மலையில் பிறப்பைக் கட்டிப்போட்டது போரைக் காட்டிலும் மலைக்காய்ச்சல். மலேரியா கருவுற்ற பெண்ணுக்குக் கருச்சிதைவையும் குறைப்பேற்றையும் உண்டாக்கும். பிறந்த குழந்தையை முதல் ஆண்டிலேயே கொண்டுபோகும். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரங்களில் இதைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் கொசு, மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளில் முட்டையிட்டு, கடித்தபின் வீட்டுச் சுவரிலேயே ஒட்டியிருக்கும் இயல்புடையது. போர்ப்படைகளுக்காகப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட டிடிடி என்ற பூச்சிமருந்தைச் சுவரில் தெளித்ததும் கொசுவின் வலு குறைந்தது. தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-ல் தொடங்கியது. போர் முடிந்ததால் ஏலமலையில் பிறப்புக் கூடிற்று என்று சொல்வதானால், அந்தத் தொடர்பு பெருமளவு இந்த மருந்தின் வழியாகத்தான் வருகிறது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் மருந்துக்கு எவ்வளவு பங்கு தருவது என்பதும் வழக்குக்குரியதே. இலங்கையில் 1946-ல் ஆயிரத்துக்கு 20-ஆக இருந்த இறப்புவீதம் மறு ஆண்டே 14-ஆக இறங்கியது. அதில் டிடிடியின் பங்கைப் பெரிதாகச் சொல்வோரும், உணவும் மருத்துவ வசதியும் மேம்பட்டதைச் சொல்வோரும் நெடுங்காலம் வாதிட்டனர்.

அனைத்திந்திய மதிப்பீடுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. பரவலாக எடுத்தாளப்படும் கணக்கின்படி 1941–51-ல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 40-ஆக இருந்த பிறப்புவீதம் அடுத்த பத்தாண்டில் 42-ஐ ஒட்டி நின்றது. இறப்புவீதமோ 27-லிருந்து 23-ஆகக் குறைந்தது. மக்கள்தொகை வளர்ச்சி 13.3 விழுக்காட்டிலிருந்து 21.6-க்குப் பாய்ந்தது. தமிழ்நாட்டுப் பரப்பில் அந்தப் பாய்ச்சல் இல்லை: 1941–51-ல் 14.7, 1951–61-ல் 11.9. கேரளப் பரப்பில் முறையே 22.8, 24.8. போடியும் ஏலமலையும் இவ்விரு வரிசைகளுக்கும் நடுவே, எல்லைக்கோட்டின் இருபுறமும் கிடந்தன.

கணக்கிலும் ஓட்டைகள் உள்ளன. 1941 கணக்கெடுப்பு போரால் சுருக்கப்பட்டு, வயது அட்டவணைகள் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. எனவே போருக்கு முன் எத்தனை குழந்தைகள், பின் எத்தனை என்று வயதுவாரியாக ஒப்பிட அடித்தளம் வலுவாக இல்லை. இன்னொன்று, தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது. அடிவாரத்துத் தேவாரத்திலோ சின்னமனூரிலோ பிறந்த குழந்தை சென்னை மாகாணத்துக் கிராம முன்சீப்பின் பதிவேட்டில் ஏறும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயோடு மலையேறி, கணக்கெடுப்பில் திருவிதாங்கூர்க் குழந்தையாக எண்ணப்படும். அடிவாரத்துப் பிறப்புப் பதிவை மட்டும் பார்ப்பவருக்குப் பெருக்கம் கூடுதலாகவும், மலைப்பதிவை மட்டும் பார்ப்பவருக்குக் குறைவாகவும் தோன்றலாம்.

இந்தத் தலைகளை எண்ணுவது விரைவில் அரசியலாயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்ப் பெரும்பான்மை வட்டங்கள் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு உரிமை கோரியது. அப்பெரும்பான்மை வந்துபோகும் தோட்டத் தொழிலாளரால் ஆனது என்ற வாதத்துக்கு மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 அறிக்கையில் இடம் கொடுத்தது. 1956-ல் வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன. லயத்தில் பிறந்து லயத்திலேயே வேலைக்குப் போன இரண்டாம் தலைமுறையை ‘வந்துபோவோர்’ என்று எண்ணியது சரியா என்பதில் தமிழ், மலையாளத் தரப்புகள் இன்றும் உடன்படுவதில்லை. திருவிதாங்கூர்-கொச்சியின் பட்டம் தாணுப்பிள்ளை அரசு 1954-55-ல் கல்லாறு முதலிய இடங்களில் மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியதை, உணவு உற்பத்திக்காக என்று ஒரு சாராரும் மொழிக்கணக்கை மாற்ற என்று மற்றொரு சாராரும் விளக்குகின்றனர்.

குடும்பக் கட்டுப்பாடு. 1951 கணக்கெடுப்பு ஆணையர் ஆர். ஏ. கோபாலசுவாமி, மூன்றோ அதற்கு மேலோ குழந்தை பெற்று, அவற்றில் ஒன்றேனும் உயிரோடிருக்கும் தாய் மேலும் பெறுவதைத் தம் அறிக்கையில் ‘பொறுப்பற்ற தாய்மை’ என்று குறித்தார். சொல் கடுமையானது, மலேரியா ஊரில் மூன்றில் எத்தனை தங்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அவர் பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார்; 1950-களின் பிற்பகுதியில் மாநிலம் ஆண்களுக்கான கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை தந்தது.

பிற்காலம். தமிழ்நாட்டின் மொத்தக் கருவளவீதம் 1990-களில் ஈடுசெய்யும் அளவான 2.1-ஐத் தொட்டு, 2020-ல் 1.4-ஆயிற்று. இடுக்கி மாவட்ட மக்கள்தொகை 2001-க்கும் 2011-க்கும் இடையே 1.8 விழுக்காடு குறைந்தது. 2011-ல் போடி நகராட்சியில் 75,675 பேர். ஏலத்தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாம், வங்காளத் தொழிலாளர்களும் காயெடுக்கின்றனர்; கம்பம் பள்ளத்தாக்குப் பெண்கள் பலர் காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்கிவிடுகின்றனர். அகலப்பாதையில் இரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பியது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயுள்ளது.