கஞ்சாத் தடை (நீலகிரி, தமிழ்நாடு)

கஞ்சாத் தடை என்பது கஞ்சாச் செடியைப் பயிரிடுதல், வைத்திருத்தல், விற்றல், பயன்படுத்துதல் ஆகியவற்றைக் குற்றமாக்கும் சட்ட ஏற்பாடு. நீலகிரியை உள்ளடக்கிய சென்னை மாகாணத்தில் இது படிப்படியாக உருவானது.

பிரிட்டிஷ் ஆட்சியில் நெடுங்காலம் கஞ்சா தடைசெய்யப்படவில்லை. உரிமம் பெற்று, வரி செலுத்தி விற்கும் ஆப்காரி (கலால்) பொருளாக இருந்தது. 1893–94இல் ஆய்வு நடத்திய இந்தியக் கஞ்சா ஆணையம், மிதமான பயன்பாடு பெருந்தீங்கு தருவதில்லை என்றும், முழுத் தடை தேவையில்லை என்றும் முடிவு கூறியது. சித்த மருத்துவத்திலும் கஞ்சா மருந்துச் சரக்காக இடம்பெற்றிருந்தது.

சென்னை மாகாணத்தை ஆண்ட ராஜாஜி அரசின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் மதுவோடு கஞ்சா உள்ளிட்ட போதைச் சரக்குகளையும் தடுத்தது. முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. அவ்வகையில் நீலகிரியின் ஊட்டி, குன்னூர், தேயிலைத் தோட்டப் பகுதிகள் அனைத்தும் இதற்கு உட்பட்டன.

உலக அளவில் 1925ஆம் ஆண்டு ஜெனீவா அபின் உடன்படிக்கை கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களில் கஞ்சாவைச் சேர்த்தது. அமெரிக்கா 1937இல் கஞ்சாவுக்குக் கடும் வரிச் சட்டம் இயற்றியது. 1961ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம் மருத்துவமல்லாத பயன்பாட்டை நிறுத்த, மரபாகப் பயன்படுத்திவந்த நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் தந்தது. அதன் தொடர்ச்சியாக இந்தியா 1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. 

இச்சட்டம் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளையே கஞ்சா என வரையறுக்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. 2001 திருத்தத்துக்குப் பின் தண்டனை, பிடிபடும் அளவைப் பொறுத்தது: 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை விதிக்கப்படும்.