விசாரணைக் கைதிகளின் அருட்தந்தை

2021 ஜூலை 5 பிற்பகல். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. மனு போட்டவர் சற்று முன்புதான் மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்று நீதிபதிகளிடம் சொல்லப்பட்டது. அவர் ஸ்டேன் சுவாமி. வயது 84. இறந்தபோதும் அவர் விசாரணைக் கைதிதான். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை.

அவருடைய சாவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்தச் சாவுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த வேலையைப் பற்றிப் பேசியது குறைவு.

1937 ஏப்ரல் 26 அன்று திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தார். செத்த பிறகும் தலித் கிறிஸ்தவர்களைச் சுவர் கட்டிப் பிரித்து வைத்த கல்லறை உள்ள மாவட்டம் அது. எனவே 'சர்ச்சின் தொண்டு' என்றால் நமக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. அந்தச் சந்தேகத்தோடே இவரைப் படிக்கலாம்.

1957இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1960களில் ஆசிரியராகச் சாய்பாசா பகுதிக்குப் போனவர், அங்கே ஹோ பழங்குடி மக்களை வாரச்சந்தையில் வெளி வியாபாரிகள் ஏமாற்றுவதைக் கண்ணால் பார்த்தார். மணிலாவில் சமூகவியல் படித்தார். 1975 முதல் 1986 வரை பெங்களூர் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அந்த மதிப்போடு அங்கேயே ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் மறுபடியும் ஜார்க்கண்டுக்கே போனார்.

அங்கே பசித்தவருக்குச் சோறு போடுவதோடு அவர் நிற்கவில்லை. சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணை, கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம், பழங்குடிப் பகுதி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகை விடத் தடை போட்ட 1997ஆம் ஆண்டின் சமதா தீர்ப்பு ஆகியவை ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று கேட்டார். 2006இல் ராஞ்சி அருகே 'பகைச்சா' என்ற மையத்தைத் தொடங்கினார். தோட்டம் என்று பொருள்.

நிலத்தைக் கேட்ட இளைஞர்கள்மேல் 'நக்சல்' முத்திரை குத்திச் சிறையில் அடைத்தார்கள். ஸ்டேன் சுவாமியும் தோழர்களும் அப்படிச் சிக்கிய 102 பேரைச் சந்தித்து ஆய்வு செய்தார்கள். ஏறத்தாழ எல்லோருமே மாதம் 5,000 ரூபாய்கூடச் சம்பாதிக்காதவர்கள். 2017இல், சுமார் 3,000 விசாரணைக் கைதிகளுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். எதிர்மனுதாரர் மாநில அரசு.

2020 அக்டோபர் 8 அன்று, பீமா கோரேகான் வழக்கில், ஊபா சட்டத்தின் கீழ் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. அப்போது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், குவளையைப் பிடிக்க முடியாது. தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

தலோஜா சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் தன் வலியைப் பற்றி அதிகம் இல்லை. தனக்குச் சாப்பிட உதவிய, துணி துவைத்துத் தந்த, மூட்டுக்கு மசாஜ் செய்துவிட்ட ஏழைக் கைதிகளைப் பற்றி எழுதினார். தம்மேல் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடப்பவர்களைப் பற்றி எழுதினார். வெளியில் இருந்தபோது யாருக்காக வழக்குப் போட்டாரோ, உள்ளேயும் அவர்களைத்தான் பார்த்தார். அவருடைய விசுவாசம் அதுதான் என்று நினைக்கிறேன்.

2021 மார்ச் 22 அன்று சிறப்பு நீதிமன்றம் ஜாமீனை மறுத்தது. மே மாத இறுதியில் மருத்துவமனைக்கு மாற்றியபோது கொரோனா தொற்று இருப்பது தெரிந்தது. ஜூலையில் முடிந்துவிட்டது.

நான் களப்பணிக்குப் போகும் சேரிகளிலும் இதே கதைதான். ஒரு தகராறு நடந்தால் முதலில் நம் பிள்ளைகள் பெயர்தான் எஃப்.ஐ.ஆரில் ஏறும். ஜாமீனுக்காக அம்மா ஆட்டை விற்பாள், தோட்டை அடகு வைப்பாள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் தீர்ப்பு வராதவர்கள். தலித், பழங்குடி மக்கள் அங்கே தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக இருக்கிறார்கள்.

ஸ்டேன் சுவாமிக்கு அஞ்சலி செலுத்த மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ஏற்றட்டும். அதோடு, அவரவர் ஊரில் எத்தனை பேர் விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறார்கள், எத்தனை நாளாக, எந்தப் பிரிவில் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குவோம். ஜார்க்கண்டில் அவரும் அப்படித்தான் தொடங்கினார்.