ஒரு வன்தட்டு, இரண்டு வீடுகள்

2006ஆம் ஆண்டில் நாங்கள் ஒரு வன்தட்டை இரண்டு வீடுகளுக்குப் பொதுவாக வாங்கினோம். ஒரு வீடு ராயகிரியில், மற்றொன்று தென்காசியில். பழைய சிற்றிதழ்களின் பக்கப் படங்கள், தட்டச்சு செய்து கொண்டிருந்த நூல்கள், திருத்தக் குறிப்புகள் எல்லாம் அதில் இருந்தன. மாதம் ஒருமுறை அது துணிப்பையில் சுற்றப்பட்டு, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகப் பேருந்தில் பயணம் செய்யும். அடுத்த மாதம் திரும்பி வரும்.

இணையம் இருக்கும்போது பேருந்து எதற்கு என்று கேட்கலாம். 2004ஆம் ஆண்டின் இந்திய அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என்றது. அந்த வேகம் ஒரு கணமும் குறையாமல் கிடைத்தாலும் 40 ஜிகாபைட் செய்தி வந்து சேரப் பதினான்கு நாட்களுக்கு மேல் ஆகும். பேருந்துக்கோ ஒரு முற்பகல் போதும்.

இந்த ஏற்பாடு ஓராண்டுதான் நீடித்தது. தென்காசி நண்பர் ஒரு நூலின் கோப்பைத் தம் கணினியில் படியெடுத்து வைத்துத் திருத்தி வந்தார். அதே கோப்பை நாங்கள் வன்தட்டிலேயே திருத்தினோம். அடுத்த முறை வன்தட்டு அவரிடம் போனபோது, அவருடைய கோப்பு எங்களுடையதன் மேல் பதிந்துவிட்டது. ஒரு மாத உழைப்பு சுவடின்றிப் போயிற்று. யாரையும் குறை சொல்ல வழியில்லை. இருவருமே நல்லெண்ணத்தோடுதான் திருத்தினோம்.

அந்த வருத்தத்தில்தான் எங்கள் வட்டாரத்துப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ராயகிரிக்குக் கிழக்கே, அதிகத் தொலைவில் இல்லாத ஊர் கரிவலம்வந்தநல்லூர். அங்கிருந்து ஆண்ட வரதுங்கராம பாண்டியர் புலவர். தென்காசிப் பாண்டியர் மரபினர். நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியரின் உறவினர். அவர் காலத்துக்குப்பின் அவருடைய ஏட்டுச்சுவடிகள் பால்வண்ணநாதர் கோயிலைச் சேர்ந்தன என்று கேள்விப்பட்டு, உ.வே. சாமிநாதையர் அவற்றைத் தேடிச் சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டார்கள் என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. 'என் சரித்திரம்' நூலில் அவர் இதை ஆறாத துயரத்தோடு பதிவு செய்திருக்கிறார். ஏட்டை எரித்தவர்கள் அதை வெறுத்தவர்கள் அல்லர். புனிதமான பொருளுக்கு உரிய மரியாதை அதுவே என்று நம்பியவர்கள். கேடு வேறிடத்தில் இருந்தது. அந்த ஏடுகளில் எவற்றுக்கு வேறு படி இருந்தது, எவற்றுக்கு இல்லை என்பதைக் கேட்டறிய ஒருவரும் இல்லாமல் போயினர்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் நெல்லைச் சீமையிலேயே நடந்தது. 1889இல் பத்துப்பாட்டு அச்சேறுவதற்கு முன், நல்ல படி தேடி ஆழ்வார்திருநகரிக்குச் சென்றார் ஐயர். இலக்குமண கவிராயர் வீட்டில் தேடிய ஏடு அகப்படவில்லை. பிறகு அவருடைய மாமனார் வீட்டிலிருந்து அது வந்து சேர்ந்தது. ஒரு வீட்டில் இல்லாதது உறவினரின் இன்னொரு வீட்டில் உயிரோடு இருந்தது. பனையோலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகளே. ஆகவே பழந்தமிழ் நூல்களைக் காத்தவை ஓலைகள் அல்ல. ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுத்த கைகளே.

படிகள் பெருகினால் பாடபேதமும் பெருகும். எங்கள் வன்தட்டில் நேர்ந்ததும் பாடபேதம்தான். ஐயர் ஒரு படியை வைத்து மற்றொன்றை அழிக்கவில்லை. பல படிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டார், வேறுபாடுகளைக் குறித்தார். எங்கள் கணினி அந்த நிதானத்தை அறியவில்லை. பின்னால் வந்ததை வைத்துக்கொண்டு முன்னால் இருந்ததைத் துடைத்துவிட்டது.

கணினி அறிஞர்களும் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருந்தனர். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டு ஐம்பது தட்டுகள் கொண்டது. ஏறத்தாழ ஒரு டன் எடை. கொள்ளளவு ஐம்பது இலட்சம் எழுத்துகள். அதைப் பேருந்தில் கொண்டுபோக முடியாது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட முறையில் வன்தட்டு ஓரிடத்திலேயே இருக்க, பல கணினிகள் வலையமைப்பின் வழியே அதைத் தம்முடையதைப்போலப் பயன்படுத்தின. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அதே பத்தாண்டில் உருவான ஆண்ட்ரூ முறையோ, ஒவ்வொரு கணினியிலும் ஒரு படியை வைத்து, மூலக் கோப்பு மாறினால் படி வைத்திருப்பவருக்கு அறிவித்தது. முன்னது ஒரே ஏட்டைப் பலர் சென்று படிப்பது போன்றது. பின்னது படியெடுத்தவருக்கு ஆள் அனுப்பிச் சொல்வது போன்றது.

தமிழில் இந்த இரண்டாவது வழியின் உணர்வை மதுரைத் திட்டத்தில் கண்டோம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய முயற்சி அது. ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்ய, வேறொரு நாட்டில் இன்னொருவர் பிழை திருத்த, நூல்கள் எவரும் இறக்கிக்கொள்ளும் வகையில் வெளிவந்தன. அந்நாளில் வேறொரு இடரும் இருந்தது. ஒரு வீட்டுக் கணினியில் தமிழாகத் தெரிந்த கோப்பு, அதே எழுத்துரு இல்லாத அடுத்த வீட்டில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. தகுதரம் என்ற டிஸ்கி குறிமுறையும், பின்னர் ஒருங்குறியும் அந்த இடரை நீக்கின. ஓலை பிழைத்தாலும் எழுத்தறிந்தவர் இல்லையேல் பயனில்லை என்பது வன்தட்டுக்கும் பொருந்தும்.

எங்கள் கதைக்கு வருவோம். இழந்த திருத்தங்களை மீண்டும் செய்து முடித்தோம். பிறகு இன்னொரு வன்தட்டு வாங்கி, வீட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டோம். திருத்தும் கோப்பின் பெயரோடு நாளையும் திருத்தியவர் பெயரையும் சேர்த்தோம். பழையதை ஒருபோதும் அழிப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். அந்த முதல் வன்தட்டு பின்னாளில் சுழலாமல் நின்றுவிட்டது. அன்று நாங்கள் பதறவில்லை. தென்காசிக்குத் தொலைபேசியில் பேசினோம். எல்லாம் அங்கே இருந்தன.

இன்று இணையக் கிடங்குகளில் கோப்புகள் தாமாகவே இடம் மாறுகின்றன, பேருந்துக்கு வேலையில்லை. ஆனாலும் ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லின் கீழ், ஒரே நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் நண்பர்களைப் பார்க்கும்போது எங்களுக்குக் கரிவலம்வந்தநல்லூர் நினைவுக்கு வருகிறது. இரவல் கொடுத்தால் பொருள் ஒன்றுதான். படியெடுத்துக் கொடுத்தால் இரண்டு. நம்மிடம் மட்டுமே இருக்கிறது என்று நாம் பெருமைப்படும் நூல் எதுவாயினும், அதற்கு முதலில் இன்னொரு வீட்டைத் தேடித் தருவதே நாம் செய்யத்தக்க கடமை.