விதானமும் சாயவேரும்
பாலாற்றங்கரைத் துணிக்கலையில் சமண மரபின் சுவடுகள்

பாலாற்றின் வடகரையில் அமைந்துள்ள வாலாஜாபேட்டை, 1749 முதல் 1795 வரை ஆட்சிபுரிந்த ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். மேற்கே மலைநாட்டிலிருந்து கணவாய் வழியே இறங்கிய சரக்குகளும், கிழக்கே சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த சரக்குகளும் கைமாறிய பேட்டை இது. வணிகரைத் தொடர்ந்து நெசவாளரும் சாயத்தொழிலாளரும் இங்கே குடியேறினர். 19ஆம் நூற்றாண்டில் வாலாஜாபேட்டையின் கம்பளங்களும் சாயமேற்றிய துணிகளும் நற்பெயர் பெற்றிருந்தன. 1866ஆம் ஆண்டிலேயே நகராட்சித் தகுதி பெற்ற பெருமையும் இவ்வூருக்கு உண்டு.

இப்பேட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதனைச் சுற்றிய குன்றுகளில் சமணம் வேரூன்றியிருந்தது. தெற்கே விளாப்பாக்கத்தை அடுத்த பஞ்சபாண்டவர் மலையில், நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டில் நாகநந்தி என்னும் ஆசிரியரின் உருவமும் பொன்னியக்கியாரின் படிமமும் செதுக்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. வடமேற்கே வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் அமைத்த சமணப் பள்ளி உள்ளது. மேற்கே ஆம்பூர்ப் பக்கத்தில் ஆர்மாமலை, தெற்கே போளூர்ப் பக்கத்தில் திருமலை, கிழக்கே காஞ்சியை ஒட்டித் திருப்பருத்திக்குன்றம் என இவ்வட்டாரமே ஒரு சமணத் திருச்சுற்றாகத் திகழ்கிறது.

துணிக்கலைக்கு இரண்டு வேண்டும். ஒன்று, கண் கண்டு மனம் கொள்ளும் கோலம். மற்றொன்று, கை எடுத்துக் கையாளும் பொருள். இவ்வட்டாரத்தில் கோலம் குகைகளின் விதானங்களில் இருந்தது. பொருள் பேட்டையின் சாயப்பட்டறைகளில் இருந்தது. இவற்றுள் பொருளைத் தேர்வதில் சமண அறம் காட்டிய நுட்பமே பெரிதும் எண்ணத்தக்கது.

முதலில் கோலத்தைக் காண்போம். ஒரு பெரியவர் அமரும் இடத்துக்கு மேலே துணி விதானம் கட்டுவது பண்டைய மரியாதை. அருகதேவனின் திருமேனிக்கு மேலே முக்குடை அமைவதும் அம்மரியாதையின் உயர்ந்த வடிவமே. ஆனால் நூலாலான விதானம் சில ஆண்டுகளில் நைந்துபோகும். ஆகவே குடைவரை அமைத்தோர் அத்துணியைக் கல்லின்மேல் வண்ணத்தால் தீட்டினர். இதற்குத் தெளிவான சான்று இவ்வட்டாரத்துக்கு வெளியே, புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் உள்ளது. அங்கு அர்த்தமண்டபத்தின் தாமரைப் பொய்கை ஓவியத்தை அறியாதார் இல்லை. கருவறையின் மேற்கூரையை உற்றுநோக்குவோர் சிலரே. அங்கே சதுரங்களும் வட்டங்களும் மாறிமாறி அமைய, கோடிட்ட கரையுடன் கூடிய கம்பளக் கோலம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. தீர்த்தங்கரர் படிமங்களுக்கு மேலே விரித்த துணியின் தோற்றம் அது. நூலாலான அத்துணி எஞ்சவில்லை. அதன் சாயல் மட்டும் சுதையின்மேல் எஞ்சியிருக்கிறது.

சித்தன்னவாசல் ஓவியத்துக்கு உறவான கலை பாலாற்றுப் பகுதியிலும் உண்டு. மலையாம்பட்டு அருகே உள்ள ஆர்மாமலைக் குகை இயற்கையாக அமைந்தது. 8ஆம் நூற்றாண்டளவில் சமணக் கோயிலாக மாற்றப்பட்டது. அதன் கூரையில் எண்திசைக் காவலரின் உருவங்கள் சிதைந்த நிலையில் காணப்படுகின்றன. குந்தவை ஜினாலயம் அமைந்த திருமலையில், தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் வட்டத்துக்குள் வட்டமாகத் தீட்டப்பட்டுள்ளது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அடுக்கடுக்காக விரியும் அவ்வமைப்பு, துண்டுத் துணிகளை வட்டமாக இணைத்துத் தைப்போருக்கு இயல்பாகவே பொருந்தும். திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. நீண்ட ஓவியத்துணியை விரித்து வைத்தாற்போன்ற காட்சி அது. அத்தலத்தின் பெயரிலேயே பருத்தி இருப்பது மனங்கொள்ளத்தக்கது.

இனிப் பொருளைக் காண்போம். ஆற்காட்டுப் பகுதியின் சாயத்தொழில் செடிகொடிகளை நம்பி நின்றது. சிவப்புக்கு இம்பூறல் எனவும் வழங்கும் சாயவேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கும் சாயப் பிடிமானத்துக்கும் கடுக்காய். நெய்த பருத்தித் துணியைக் கடுக்காய் கலந்த எருமைப்பாலில் நனைத்து உலர்த்துவர். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டுவர். பின்னர் சாயவேர் இட்ட நீரில் கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பைக் கருப்பட்டி நீரில் நாட்கணக்கில் ஊறவைப்பர். ஒவ்வொரு நிலையிலும் துணியை ஓடும் நீரில் அலசி வெயிலில் விரிக்க வேண்டும். பாலாற்று நீரும் அகன்ற மணற்படுகையும் இத்தொழிலுக்கு உற்ற துணையாயின.

இதே சிவப்பை வேறு வழியிலும் பெறலாம். கொம்பரக்கிலிருந்து எடுக்கும் செந்நிறச் சாயம் பண்டுதொட்டு நாடெங்கும் வழங்கியது. ஆயின் அரக்கு, மரக்கிளைகளில் வாழும் எண்ணற்ற நுண்பூச்சிகளின் உடலிலிருந்து வருவது. இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 வாணிகங்களைச் சமண நூல்கள் கூறும்போது அரக்கு வாணிகத்தையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் ஏமச்சந்திரர் இயற்றிய யோகசாத்திரத்தில் அப்பட்டியல் இடம்பெற்றுள்ளது. தந்த வாணிகம் என்னும் தலைப்பில் தோல், எலும்பு முதலிய விலங்குறுப்புகளின் வாணிகமும் அங்கே விலக்கப்படுகிறது. கண்ணுக்கு இரு சிவப்பும் ஒன்றுபோலத் தோன்றினும், அறத்தின் பார்வையில் வேரிலிருந்து வந்த சிவப்பு வேறு, பூச்சியிலிருந்து வந்த சிவப்பு வேறு.

நீலத்திலும் இத்தகைய நுட்பம் உண்டு. ஓவியத்துணியில் நீலம் ஏறக்கூடாத இடங்களைத் தேன்மெழுகால் மூடிய பின்னரே அவுரித் தொட்டியில் அமிழ்த்துவது பழைய முறை. இரத்தினகரண்ட சிராவகாசாரமும் அதன்வழி வந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குக் கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குகின்றன. தேனையே தீண்டாதவர் தேனடையின் மெழுகை எண்ணிப் பார்ப்பது இயல்பே. துணி முழுவதையும் நீலத்தில் தோய்த்து, பின் வேண்டிய உருவில் வெட்டி வெள்ளைத் துணியின்மேல் பதித்துத் தைத்தால் மெழுகுக்கு இடமே இல்லை. ஒட்டுத்துணி வேலை இவ்வகையில் தூய்மையான வழியாக அமைகிறது.

பட்டைப் பற்றிய வினா இன்னும் கூர்மையானது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும்; நூல் அறாமல் எடுப்பதற்காகப் புழுவோடு அவற்றைக் கொதிநீரில் இடுவதே வழக்கமான முறை. சௌராட்டிர நெசவாளரின் பட்டுத்திறம் வாலாஜாபேட்டைக்குச் சிறப்புச் சேர்த்தது என்பதில் ஐயமில்லை. அத்திறத்தை மதிக்கும் அதே வேளையில், பூசையின்போது பட்டைத் தவிர்த்துப் பருத்தியை உடுத்தும் சிராவகர்கள் இன்றும் பலர்.

இவ்வட்டாரத்தின் மற்றொரு தொழிலாகிய தோல் பதனிடுதலும் இங்கே நினைக்கத்தக்கது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பழைய பதனிடும் முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. ஒரே கடுக்காய் ஒரு கொட்டகையில் தோலைப் பதப்படுத்தியது. மற்றொரு கொட்டகையில் பருத்தியில் நிறத்தை நிறுத்தியது. செய்பொருள் ஒன்றாயினும், எதற்கு அதனை இடுவது என்பதில் அறம் தங்கியிருந்தது.

சாயவேரின் காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாய்ந்தது. 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நிலையம் ஊருக்கு வெளியே அமைந்தமையாலும், பாதை மேற்கே நீண்டபின் சரக்குகள் நில்லாமல் கடந்தமையாலும் பேட்டையின் வணிகம் மெலிந்தது. 1868இல் செருமானிய வேதியியலார் அலிசரின் என்னும் செஞ்சாயத்தைச் செயற்கையாக உருவாக்கினர். 1897இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. பல நாள் உழைப்பில் பெற்ற நிறத்தைச் சில நாழிகையில் தரும் பொடியின் முன் வேரும் இலையும் நிற்க இயலவில்லை. பின்னாளில் பாலாறும் தோல் ஆலைக் கழிவுகளால் மாசுற்றது. அதுபற்றிய வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. துணி அலசிய ஆறு, தானே தூய்மை வேண்டி நிற்கும் நிலை உருவாயிற்று.

எனினும் கலை முற்றும் அறுந்துவிடவில்லை. தஞ்சை, கும்பகோணம், திருவாரூர்ப் பகுதிகளில் தேர்ச்சீலையும் தொம்பையும் தைப்போர் இன்றும் உள்ளனர். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், கறுப்புப் பருத்தித் துணிகளைத் தாமரையாகவும் அன்னமாகவும் யாளியாகவும் வெட்டி, ஓரத்தை மடித்து, அடித்துணியின்மேல் தைப்பதே அவர்தம் முறை. உருளை வடிவில் தேரில் தொங்கும் தொம்பை, தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரியும் பொருட்டே வண்ணங்கள் நான்கைந்தோடு நிற்கின்றன. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரி மரபில் மேலே கட்டும் விதானத்துணி இன்றும் தீட்டப்படுகிறது. குகைக் கூரையில் வண்ணமாக உறைந்த துணி, அங்கே மீண்டும் துணியாகவே விரிகிறது. சென்னைக் கலாசேத்திராவின் கைவினைப் பிரிவும் இயற்கைச் சாயக் கலம்காரியைப் பேணி வருகிறது.

தமிழ்ச் சமணரின் வழிபாட்டில் இக்கலைக்கு இடங்கள் பல உள்ளன. எண்வகை மங்கலங்களுள் கொடியும் குடையும் துணியால் அமைவன. மேல்சித்தாமூர்ப் பார்சுவநாதர் கோயில் போன்ற தலங்களின் தேர்த்திருவிழா, சீலையும் தோரணமும் இன்றி நிறைவுறாது. சுருத பஞ்சமியன்று ஏட்டுச் சுவடிகளையும் நூல்களையும் எடுத்துத் துடைத்துப் புதுத்துணியில் பொதிந்து வைப்பது தொன்றுதொட்ட வழக்கம். புட்பதந்தரும் பூதபலியும் அருளிய சட்கண்டாகமம் ஏட்டில் நிறைவுற்றதைப் போற்றும் அந்நாளில், நூலைக் காப்பது நூலால் நெய்த துணியே.

ஆயினும் பல விழாக்களில் நெகிழிப் பதாகை துணி விதானத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. விழா முடிந்தபின் அது மடித்து வைக்கப்படுவதில்லை, மண்ணில் மக்குவதுமில்லை. அவ்விடத்தில் மீண்டும் ஒரு துணி விதானம் எழுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டுப் பேழையிலும் பாட்டியரின் பழைய பருத்திச் சேலைகள் இருக்கும். தையற்கடைகளில் வெட்டி எஞ்சிய துண்டுகள் கிடைக்கும். புதிதாக வேண்டுவது சிறிதே. அதற்குக் கைத்தறிப் பருத்தி உண்டு. எஞ்சியதை வீணாக்காமல் இணைத்துப் பயன்கொள்வது, பொருள் வரைதல் என்னும் விரதத்துக்கும் இசைந்தது. கோலத்துக்குத் திருமலையின் சமவசரண வட்டமும் சித்தன்னவாசலின் சதுரங்களும் முக்குடையும் தாமரையும் காத்திருக்கின்றன.

ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சேலைத் துண்டுகள் ஒரே விதானமாக இணைந்து ஜினாலயத்தில் விரியும்போது, குகையில் அன்று ஓவியர் கல்லில் நிறுத்த முயன்ற மரியாதை மீண்டும் நூலுக்குத் திரும்பும். அதன் ஒரு இழையிலும் ஓர் உயிரின் துன்பம் கலவாதிருப்பின், அவ்விதானம் அருகன் திருமுன் கட்டப்படும் முழுத் தகுதியையும் பெறும்.