மாநிலம்

மா என்றால் பெரிய. நிலம் நமக்குத் தெரிந்ததுதான். பழந்தமிழில் மாநிலம் என்றால் உலகமே. இன்று நாட்டின் ஓர் உறுப்பு. வெள்ளைக்காரர் காலத்தில் நமக்குச் சென்னை மாகாணம். இலங்கையில் இன்றும் மாகாணம்தான். மலையாளத்தில் சம்ஸ்தானம் என்கிறார்கள். நம் காதுக்கு அது புதுக்கோட்டை மன்னரின் சமஸ்தானத்தை நினைவூட்டும்.

சேவூரில் துணிக்குப் போடும் ஜிஎஸ்டி பில் ஒன்றைக் கையில் எடுங்கள். சரக்கு திருப்பூருக்குப் போனால் 5 சதவீத வரி இரண்டாகப் பிரிந்து நிற்கும்: சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5. அதே துணி பாலக்காட்டுக்கு லாரி ஏறினால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாகிவிடும். எஸ்ஜிஎஸ்டியின் முதல் ‘எஸ்’ எழுத்துதான் மாநிலம். 2016இல் வந்த 101ஆம் திருத்தம் சேர்த்த 246ஏ உறுப்பு அதற்கு அடிப்படை.

சட்ட மாணவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இது: அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு உண்டு, தமிழ்நாட்டுக்குக் கிடையாது. ஆளுநர், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் இந்திய அரசியலமைப்பின் ஆறாம் பகுதிக்குள்தான். முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 3ஆம் உறுப்போ மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் மாற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஒப்புதல் வேண்டியதில்லை. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரிப் பட்டினி கிடந்த சங்கரலிங்கனார் 1956இல் உயிர்விட்டார். பெயர் வந்தது 1969 சனவரியில்.