புன்னைக்காயல் பாதிரியார்

பாபநாசத்தில் ஆர்ப்பரித்து இறங்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் சத்தமில்லாமல் கடலோடு கலந்துவிடுகிறது. அந்த முகத்துவாரத்தில் ஒரு மாலை நின்றுகொண்டிருந்தபோது, நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பாதிரியாரின் நினைவு எனக்கு வந்தது. நான் கிறிஸ்தவனல்லன்; சொற்களை வைத்துப் பிழைப்பவன். அதனால்தானோ என்னவோ, அவரிடம் எனக்குத் தனி வாஞ்சை.

அவருக்கு முன்னே இந்தக் கரைக்கு வந்தவர் சவேரியார். 1542-ல் வந்த அவர், மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லித் தந்த தமிழில் ஜெபங்களைக் கற்பித்தார். ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்று போட்டிருந்தார்களாம்! 1544-ல் சவேரியாரே தவற்றைக் கண்டு, திருத்தும்படி கடிதம் எழுதினார். ஆண்டவனிடம் நாம் பேசும் பேச்சில் இன்றும் ‘வேண்டும்’தான் அதிகம் என்பது வேறு விஷயம்.

இந்த வினை தீர, மக்கள் மொழியைத் தாமே கற்றவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார். போர்த்துக்கல் தேசத்தவர். யூதர் வழிவந்தவர் என்பதற்காக ஒரு துறவற சபை அவரை அனுப்பிவிட்டது. சேசு சபை ஏற்றுக்கொண்டது. இந்தக் கரையில் அவர் தமிழ் கற்றார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறே பக்கம், இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதற் புத்தகம். அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தவர்கள் கடலோரத்துப் பரதவர்கள்.

ஆனாலும் பூசை லத்தீனிலேயே நடந்தது. மக்கள் மொழிக்கு அதில் இடம் தரலாமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1963-ல். கணக்குப் பாருங்கள்: 385 வருஷம்!

சரி, மொழி வந்தால் போதுமா? இதே திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளத்துக் கோவிலுக்குள் சாதி பார்த்து ஒரு சுவர் நின்றது. இரண்டு பக்கத்தாரும் வணங்கியது ஒரே தெய்வத்தைத்தான். 1910-வாக்கில் சுவர் இடிந்தது. வழக்கு சென்னை ஹைகோர்ட் வரை போயிற்று. சுவர் திரும்பி வரவில்லை.

2021 முதல் 2024 வரை போப் பிரான்சிஸ் நடத்திய ஆயர் மாமன்றம், எல்லோருக்கும் செவிசாய்க்க வேண்டும் என்று வற்புறுத்தியது. நல்ல பேச்சு, ஆனால் பழைய பேச்சு. பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்ட ஒரு மனிதர், வலைகள் உலர்ந்த இந்த மணலில் அதைச் செய்து காட்டிவிட்டு, 1600-ல் கண்மூடினார், தூத்துக்குடியில் அடக்கமானார்.

கண்ணுக்குத் தெரியாத சுவர்களுக்கு அந்தப் பக்கம் இன்னும் யார் யார் நிற்கிறார்கள்? திருச்சபை அவர்களிடம் போய், அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டால், அதுவே அடிகளாருக்குச் செய்யும் அஞ்சலி.