ஒத்திக்கு வீடு: வாடகையைவிட லாபமா? பணம் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

தென்காசி மாவட்டம் கடையநல்லூர் பக்கம் வீடு தேடிப் போனால், “வாடகைக்கா, ஒத்திக்கா?” என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் 90 ஆயிரம் பேருக்கு மேல் வசித்த இந்த நகராட்சியில் பல குடும்பங்களுக்கு வளைகுடா நாடுகளில் இருந்துதான் வருமானம். மொத்தமாகப் பணம் வைத்திருப்பவரும், மொத்தமாகப் பணம் தேவைப்படுபவரும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில் ஒத்தி முறை நிலைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

ஒத்தி என்றால் என்ன?

வீட்டு உரிமையாளரிடம் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பதுதான் ஒத்தி. பேசிய காலம் முடிந்ததும் அதே தொகை திரும்ப வரும். சில ஊர்களில் இதற்குப் போக்கியம் என்று பேர். பணத்துக்கு வட்டி கிடையாது, வீட்டுக்கு வாடகை கிடையாது. ஒன்றுக்கு ஒன்று சரி.

“வாடகையே இல்லையே” என்பது உண்மையா?

இல்லை. வாடகை வேறு வடிவத்தில் போகிறது, அவ்வளவுதான். ஒரு கணக்குக்கு ஒத்தித் தொகை 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் 7 சதவீத வட்டியில் வங்கி டெபாசிட்டில் இருந்தால் வருஷத்துக்கு 35,000 ரூபாய் கிடைத்திருக்கும். அதாவது மாதம் சுமார் 2,900 ரூபாய். அதே வீட்டுக்கு வாடகை 5,000 ரூபாய் என்றால் ஒத்தி லாபம்தான்.

ஆனால் இந்தக் கணக்கு கையில் சொந்தப் பணம் இருப்பவருக்கு மட்டும். அதே 5 லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வட்டியே போய்விடும். வாடகையைப் போல ரெண்டு மடங்கு! பீடி சுற்றியும் தறி நெய்தும் சம்பாதிக்கும் குடும்பங்கள் நகையை அடகு வைத்து ஒத்திக்குப் போகும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பதிவு ஏன் முக்கியம்?

சிக்கல் ஆரம்பிப்பது பத்திரத்தில்தான். சட்டத்தின் பார்வையில் ஒத்தி என்பது ஒரு வகை அடமானம். 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு பதிவு செய்த ஆவணமும், குறைந்தது ரெண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் சுவாதீனத்துடன் கூடிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 5 லட்சத்துக்கு 25,000 ரூபாய் வருகிறது. இதை மிச்சம் பிடிக்கத்தான் பலர் சாதாரண ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குடிபோகிறார்கள்.

அந்தப் பேப்பர் வில்லங்கச் சான்றிதழில் வராது. உரிமையாளர் வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டால், “நான் ஒத்திக்கு இருக்கேன்” என்று வாங்கியவரிடம் வாதாடுவது கஷ்டம். பணத்தைக் கேட்டு சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். பதிவு செய்த ஒத்தி என்றால் கதையே வேறு. வீடு கைமாறினாலும், தொகை திரும்ப வரும்வரை குடியிருக்கும் உரிமை போகாது. 3 வருஷத்துக்குப் பிரித்தால் 25,000 ரூபாய் என்பது மாதம் 700-கூட வராது.

வேறென்ன கவனிக்கணும்?

வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். அசல் பத்திரத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடன் நின்றுபோனால் 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். உரிமையாளர் துபாயிலோ சவுதியிலோ இருந்து, இங்கே உறவினர் கையெழுத்துப் போடுகிறார் என்றால் இந்தியத் தூதரகத்தில் சான்றளித்த பவர் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது.

தென் கொரியாவில் ‘ஜியோன்சே’ என்ற பெயரில் கிட்டத்தட்ட இதே முறை நாடு முழுக்க இருக்கிறது. அடுத்த குடித்தனக்காரர் தரும் பணத்தில்தான் பழையவருக்குத் திருப்பித் தருவது என்ற பழக்கம் அங்கே பெரிய மோசடிகளில் போய் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. இங்கேயும் “அடுத்த ஆள் வரட்டும், தர்றேன்” என்ற பதில் புதுசில்லை. அதனால் காலி செய்வதற்கு எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், பணம் தாமதமானால் என்ன என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.

உரிமையாளருக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அதற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். இல்லையென்றால் தீர்ந்துபோன ஒத்தி, வில்லங்கச் சான்றிதழில் அப்படியே நிற்கும்.